வாலைத் தூக்கிய இங்கிலீஷ்

அது 2603ஆம் வருஷம், ஜூலை மாதம், வெள்ளிக்கிழமை. பயப்பட வேண்டாம். வெள்ளைக்காரன் காலண்டரில் அது 1943தான். ஜப்பான்காரன் மலாக்காவுக்குள் வந்த கையோடு வருஷத்தை அறுநூற்று அறுபது முன்னால் தள்ளினான். கடிகாரத்தையும் தோக்கியோ நேரத்துக்குத் தள்ளினான். அவன் தள்ளாமல் விட்டது காஜா பெராங் தெருவில் ஹனீபாவின் சைக்கிள் கடை ஒன்றுதான். அதைத் தள்ள வேண்டியதில்லை, யாராவது சாய்ந்தாலே விழுந்துவிடும்.

ஊரில் டியூப் கிடையாது. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற ரப்பர் குழாயை வெட்டி, உள்ளே கம்பி கோத்து, சக்கரத்தில் மாட்டிவிடுவான் ஹனீபா. அதில் ஏறி பண்டார் ஹிலிர் வரைக்கும் போய்வந்தவர்கள் அடுத்த இரண்டு நாளைக்கு நின்றுகொண்டேதான் சாப்பிடுவார்கள். கேட்டால், உட்காரத் தெரிந்தவன் ஏன் சைக்கிளில் போகிறான் என்பான்.

கடையில் ஒரு முதுகு உடைந்த நாற்காலி. அதில் மாணிக்கவாசகம். இருபத்திரண்டு வருஷம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர். நீதிபதியின் இங்கிலீஷுக்கும் குற்றவாளியின் தமிழுக்கும் நடுவில் நின்றே கால் வீங்கிய மனிதர். கோர்ட்டுக்குப் பாஷை மாறியதும் வேலை போனது. இப்போது காணாமல் போன ஆடு, காணாமல் போன அரிசிக் கார்டு, காணாமல் போன புருஷன் எல்லாவற்றையும் கண்டுபிடித்துக் கொடுக்கிறார். ஆட்டைத் தவிர மற்றவை கிடைத்ததில் யாருக்கும் பெரிய சந்தோஷம் இருந்ததில்லை. அவருக்கு உதவியாள் ஹனீபா. யாரும் நியமிக்கவில்லை, நாற்காலி அவனுடையது என்பதால் அவனும் சேர்ந்துகொண்டான்.

காலை பதினோரு மணிக்கு நல்லையா வந்தார். தெருக் காவல் சங்கத்தின் தலைவர். சண்டைக்கு முன்னால் ரப்பர் கிடங்கில் வாட்ச்மேன். ஜப்பான்காரன் கொடுத்த பட்டையைக் கையில் கட்டியதிலிருந்து அந்தக் கை மட்டும் மடங்குவதே இல்லை.

ஹனீபா தலையைத் தூக்காமலே ஆரம்பித்தான். "தலைவரே, வீட்டுல அந்தத் தைலம் மிச்சம் இருக்கா? முட்டி வலிக்குது. தடவத்தான் கேக்குறேன், குடிக்க இல்ல."

அந்தத் தைலக் கதை தெரு முழுக்கத் தெரியும். நல்லையா தனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று சொல்லிக்கொண்டு திரிகிற ஆள். இரண்டு வருஷத்துக்கு முன் அவர் மனைவி பாக்கியலட்சுமிக்கு முட்டிவலி. டாக்டர் ஒரு பாட்டில் கொடுத்தார். நல்லையா லேபிளை உற்றுப் பார்த்துவிட்டு, வேளைக்கு இரண்டு ஸ்பூன் என்றார். அந்த அம்மா ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தது.

மற்ற நாளாக இருந்தால் நல்லையா குதித்திருப்பார். இன்றைக்கு அப்படியே ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தார். ஹனீபாவுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

விஷயம் இதுதான். நல்லையாவின் காவல் குடிசை, சந்திரமதி டீச்சர் வீட்டுப் பின்னறையின் பலகைச் சுவரை ஒட்டி இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் மத்தியானம் அங்கே அவர் காவல் இருப்பார். அதாவது, தூங்குவார். மூன்று வாரமாக அந்தச் சுவர் வழியாக ஒரு இங்கிலீஷ் குரல் வந்தது. போன புதன்கிழமை, ஜப்பான் ராணுவப் போலீஸ் அதிகாரியிடம் நல்ல பேர் வாங்க ஆசைப்பட்டு, என் தெருவில் எவனோ பிரிட்டிஷ் ரேடியோ கேட்கிறான், நானே பிடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே டீச்சர் வீட்டுக்குள் புகுந்து அரிசிப் பானை, கிணறு, கூரை எல்லாம் கொட்டிக் கவிழ்த்துப் பார்த்தார். ரேடியோ இல்லை. அதிகாரி விடவில்லை. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு நேரில் வருகிறேன், ரேடியோவைக் கொடு, இல்லையென்றால் கேட்ட ஆளைக் கொடு, அதுவும் இல்லையென்றால் நீ வா என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"அஞ்சு மணிக்குள்ள நீங்க ரேடியோவக் கண்டுபிடிச்சுக் குடுங்க," என்றார் நல்லையா. "இல்லன்னா நான் டீச்சரக் காட்டிருவேன். எனக்கு வேற வழி இல்ல. மிச்சத்த அவங்க வாயிலேருந்து ஜப்பான்காரங்களே வரவெச்சுக்குவாங்க."

எப்படி வரவைப்பார்கள் என்பது மூன்று பேருக்கும் தெரியும். வாயில் குழாயை வைத்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். அப்புறம் வயிற்றின்மேல் ஏறி நிற்பார்கள். டீச்சரின் புருஷனைச் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோய்ப் பதினோரு மாதம் ஆகிறது. ஒரு கடுதாசி இல்லை. அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் ஏனென்று கேட்க ஒரு ஆள் கிடையாது.

மாணிக்கவாசகம் மெதுவாக விசாரித்தார். ரேடியோ என்ன சொன்னது? வெள்ளைக்காரன் ஜெயிக்கிறான், ஏரோப்ளேன் வருகிறது என்று சொன்னதாம். எந்த வார்த்தையைக் கேட்டீர்கள்? நல்லையா கூரையைப் பார்த்தார். பிறகு தன் பட்டையைப் பார்த்தார். இங்கிலீஷ் ரொம்ப வேகமாக இருந்தது என்றார்.

"வார்த்தை வேணாம்," என்றார் மாணிக்கவாசகம். "ராகம் ஞாபகம் இருக்குமில்ல. அத மட்டும் முனகிக் காட்டுங்க."

நல்லையா வெட்கப்பட்டார். மிரட்டிய பிறகு கண்ணை மூடிக்கொண்டு முனகினார். ஆள் எப்படியோ, காது நல்ல காது. உம் உம் உம் என்று சமமாகப் போய், கடைசியில் ஒரு ஏற்றம். அங்கேயே நின்றது. இரண்டு கொசுவை அடித்துத் தூர எறிகிற நேரம் ஒன்றுமில்லை. மறுபடி உம் உம், ஏற்றம், நிறுத்தம். மூன்றாவதும் அப்படியே. நாலாவது தடவை குரல் கீழே இறங்கிப் படுத்துக்கொண்டது. அதற்கப்புறம் ரொம்ப நேரம் சத்தமில்லை.

"நாய் வாலைத் தூக்குற மாதிரியே இருக்கு," என்றான் ஹனீபா.

தலைவரைக் குடிசைக்கு அனுப்பிவிட்டு மாணிக்கவாசகம் அவனிடம் விளக்கினார். வெள்ளைக்காரன் பேச்சில் வார்த்தையை விட வால்தான் முக்கியம். நீ அங்கே இருந்தாய் என்று சொல்வதற்கும், நீ அங்கே இருந்தாயா என்று கேட்பதற்கும் வக்கீல்கள் ஒரே வார்த்தையைத்தான் போடுவார்கள். வால் இறங்கினால் சொல்கிறான். ஏறினால் கேட்கிறான். ஒரு தடவை தூக்கக் கலக்கத்தில் ஒரு வாலை அவர் கவனிக்காமல் விட்டுவிட்டார். ஒரு தோட்டக்காட்டு ஆள் மூன்று மாதம் உள்ளே போனான். அதிலிருந்து யார் பேசினாலும் அவர் கடைசியைத்தான் கேட்பார்.

"நியூஸ் படிக்கிறவன் யாரையும் கேக்க மாட்டான் ஹனீபா. ஒவ்வொரு வாக்கியத்தையும் அரிசி மூட்டை மாதிரி தொப்புனு கீழ வெச்சிட்டுப் போயிருவான். இது ரேடியோ இல்ல."

ஹனீபாவுக்கு உடனே நிம்மதி வந்தது. வந்த வேகத்திலேயே போய்விட்டது. ரேடியோ இல்லையென்றால் அது ஆள். வால் ஏறுகிறது என்றால் அந்த ஆள் எதையோ கேட்கிறது. நடுவில் நிறுத்தம் என்றால் எதிரே ஒருவன் மெல்லிய குரலில் பதில் சொல்கிறான். தமிழச்சி வீட்டுப் பின்னறையில் இங்கிலீஷில் பதில் சொல்கிறவன் யார்?

"ஐயா, டீச்சர் ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய ஒளிச்சு வெச்சிருக்காங்க," என்றான். "ரேடியோவா இருந்தா ஒரு தலைதான் போகும். இதுல தெரு மொத்தமும் போகும். டீச்சர் வீட்டுலேருந்து என் கடை மூணாவது."

மாணிக்கவாசகம் சட்டையை மாட்டிக்கொண்டு நடந்தார்.

சந்திரமதி டீச்சர் கதவைத் திறந்து இரண்டு பேருக்கும் மரவள்ளிக் கிழங்கும் சீனியில்லாத கோப்பியும் வைத்தார். முப்பத்தைந்து வயசு இருக்கும். புதன்கிழமை நல்லையா கவிழ்த்துப் போட்ட சாமான்களை மறுபடி ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் ஒரே பதில்தான் வந்தது. குரலா, என்ன குரல், நான் தனியாக இருக்கிறேன். ஹனீபா கிழங்கைக் கை தவறியதுபோல் கீழே போட்டு, கட்டிலுக்கடியில் எட்டிப் பார்த்தான். வெள்ளைக்காரன் இல்லை. வெள்ளைக்காரனுக்கு அந்தக் கட்டில் பத்தாது, கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

பின்னறையில் ஒரு பாய், இரண்டு துருப்பிடித்த ஆணி, வேறு ஒன்றுமில்லை. அதற்கு வெளியே கிணற்றடியில் ஒரு ஆடு கட்டியிருந்தது. காய்ந்த வாழையிலைத் துண்டு ஒன்றை விருப்பமில்லாமல் மென்றுகொண்டிருந்தது. மாணிக்கவாசகம் ஆட்டைப் பார்த்தார். திரும்பி வந்து பாயில் கிடந்த ஆணியைப் பார்த்தார். மறுபடி ஆட்டைப் பார்த்தார்.

"ஹனீபா, அந்த இலைய ஆட்டு வாயிலேருந்து புடுங்கு."

"நானா?"

"ஆடு என் பேச்சக் கேக்காது."

அந்தச் சண்டையில் ஹனீபா ஒரு சட்டைப் பொத்தானை இழந்தான், ஆடு பாதி இலையை இழந்தது. மாணிக்கவாசகம் அந்தப் பாதியை வெளிச்சத்தில் விரித்தார். பச்சை இலையில் ஆணியால் கீறினால், காயக் காய அந்தக் கோடு கறுத்து வரும். இதில் கறுத்திருந்தது இங்கிலீஷ் எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் கத்தரிக்காய் பருமன், வரி மேலே ஏறிக் கீழே சறுக்கியது. அதன் தலைமேல் இன்னொரு கை பொடி எழுத்தில் திருத்தியிருந்தது.

ஹனீபா எட்டிப் பார்த்தான். அவனுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் இப்படி எழுதுகிற வெள்ளைக்காரனை எந்தப் பட்டாளமும் சேர்த்துக்கொள்ளாது என்று மட்டும் தெரிந்தது.

மாணிக்கவாசகம் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். தன் தலையில் தானே ஒன்று போட்டுக்கொண்டார். "கேள்வி இல்லடா. டிக்டேஷன்."

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதுமே, அது. ஒரு வாக்கியத்தைத் துண்டு துண்டாக உடைத்துச் சொல்வார்கள். இன்னும் முடியவில்லை, பேனாவைக் கீழே வைக்காதே என்று காட்டுவதற்காக ஒவ்வொரு துண்டின் கடைசியிலும் குரலைத் தூக்கிப் பிடிப்பார்கள். பிள்ளை எழுதி முடிக்கும் வரை நிறுத்தம். வாக்கியம் முடிகிற இடத்தில்தான் குரல் இறங்கும். நடுவில் பதில் சொன்னவன் யாருமில்லை. ஆணி கீறிக்கொண்டிருந்தது. இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கவே ஜப்பான்காரன் தடை போட்டிருந்தான். சிலேட்டு வைத்திருந்தால் நல்லையா கையில் சிக்கியிருக்கும். பாடம் முடிந்ததும் இலை ஆட்டுக்குப் போய்விடும்.

"சாட்சிய மென்னு முழுங்குற ஆட்ட இப்பத்தான் பாக்குறேன்," என்றான் ஹனீபா. "இத கோர்ட்டுல வக்கீலாப் போட்டிருக்கலாம்."

சந்திரமதி டீச்சர் பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை நேரம் நிமிர்ந்திருந்த தலை இப்போது கொஞ்சம் தாழ்ந்தது. "ஐயா, நான் சொல்லிக்குடுத்தேன். ஒத்துக்கிறேன். அஞ்சு மணிக்கு வந்தா என்னையக் கூட்டிட்டுப் போகட்டும். யாரு படிச்சாங்கன்னு மட்டும் கேக்காதீங்க."

"கேக்கல," என்றார் மாணிக்கவாசகம். இலையை மறுபடி ஒரு தடவை படித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ஹனீபா, நல்லையாவக் கூட்டிட்டு வா. அவர் சம்சாரத்தையும் வரச் சொல்லு."

ஹனீபாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வெள்ளிக்கிழமையானால் பாக்கியலட்சுமி தெங்கேரா கடற்கரையில் உப்பு வரிசையில் நிற்கும். வாரத்தில் மூன்று நாள் போகும். இத்தனைக்கும் நல்லையா வீட்டுச் சாப்பாட்டில் உப்பே இருப்பதில்லை என்பது அவருடைய நிரந்தரப் புலம்பல். தெங்கேரா வரைக்கும் குழாய் டயரில் போகணுமே என்று பின்பக்கத்தைத் தடவிக்கொண்டு கிளம்பினான். போகும் வழியில் சும்மா நல்லையா வீட்டை எட்டிப் பார்த்தால், அந்த அம்மா அடுப்பைக்கூடப் பற்றவைக்காமல் வாசல்படியில் உட்கார்ந்திருந்தது. டீச்சர் வீட்டுக்கு என்றதும் ஏன் என்று கேட்கவில்லை. செருப்பு போடாமல் எழுந்து வந்தது.

நாலே முக்காலுக்கு எல்லாரும் பின்னறையில் கூடினார்கள். தோக்கியோ கடிகாரத்தில்தான் நாலே முக்கால், வெளியே வெயில் இன்னும் மண்டையைப் பிளந்தது. ரேடியோ கிடைத்ததா என்று நல்லையா நாலு மூலையிலும் தேடினார். மாணிக்கவாசகம் இலையை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"கிடைச்சிருச்சு. உங்களுக்குத்தான் இங்கிலீஷ் வருமே, படிங்க."

நல்லையா இலையை வாங்கிக் கிட்டே வைத்துப் பார்த்தார். தூர வைத்துப் பார்த்தார். கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்றார். அவருக்குக் கண்ணாடியே கிடையாது. அந்த நேரத்தில் பாக்கியலட்சுமி கையை நீட்டி இலையை வாங்கியது. விரலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தது.

"பார் எக்ஸ்டர்னல்..." குரல் ஏறி நின்றது. "யூஸ் ஒன்லி..." மறுபடி ஏறி நின்றது. "நாட் டு பி..." மூன்றாவது ஏற்றம். "டேக்கன்." இறங்கிப் படுத்துக்கொண்டது.

ஏற்றம், ஏற்றம், ஏற்றம், இறக்கம். காலையில் வாளிமேல் உட்கார்ந்து நல்லையா முனகிய அதே ராகம். ஹனீபா அவர் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் ராகம் ஏறியது. அப்புறம் அர்த்தம் ஏறியது.

"வெளியே தடவ மட்டும், குடிக்கக் கூடாதுன்னு அர்த்தம்," என்று மாணிக்கவாசகம் தமிழில் சொன்னார். அவருக்குப் பழக்கம்.

நல்லையாவின் மடங்காத கை மேலே போனது. பாக்கியலட்சுமி நகரவில்லை. "அடிக்கிறதா இருந்தா சீக்கிரம் அடிங்க. அவங்க வர நேரமாச்சு. டீச்சரக் காட்டிக் குடுத்தீங்கன்னா நானும் கூடவே லாரியில ஏறிருவேன். தண்ணி ஊத்துனா டீச்சர் என் பேரச் சொல்ல மாட்டாங்க. அதுக்காகவே நான் சொல்லிருவேன்."

கை அப்படியே நின்றது. பிறகு கையும் ஆளும் சேர்ந்து பாயில் இறங்கினார்கள். இப்ப நான் என்ன செய்ய என்று சின்னக் குரலில் கேட்டார். தெருத் தலைவரின் அந்தக் குரலை ஹனீபா அன்றுதான் கேட்டான். கிண்டல் பண்ண வாய் வரவில்லை. வந்தது வேறு.

"ஐயா, ஜப்பான்காரன் கேள்வி கேட்டாலும் வாலைத் தூக்கத்தானே செய்றான்? கடைக்கு வர்றவன் எல்லாம் 'தெசு கா, தெசு கா'ன்னு மேலதான் போறான்."

மாணிக்கவாசகம் சந்திரமதியைப் பார்த்தார். சந்திரமதி சட்டென்று உள்ளே போய் ஒரு சான்றிதழோடு வந்தார். வாத்தியார்கள் எல்லாரையும் கட்டாயமாக உட்கார வைத்து மூன்று மாதம் நிப்பொங்கோ, அதாவது ஜப்பான் பாஷை, சொல்லிக்கொடுத்துக் கொடுத்த காகிதம். சிவப்பு முத்திரை பளிச்சென்று இருந்தது.

"அப்ப பாடம் நிப்பொங்கோ," என்றார் மாணிக்கவாசகம். "சுவருக்குப் பின்னால கேட்டவருக்கு இங்கிலீஷும் தெரியாது, நிப்பொங்கோவும் தெரியாது. ரெண்டையும் குழப்பிட்டாரு. அவ்வளவுதான் கேஸு."

"நான் முட்டாள்னு நானே சொல்லணுமா?" என்றார் நல்லையா.

வெளியே லாரி வந்து நின்றது.

அதிகாரி குள்ளம், வாள் நீளம். கூடவே மலாய் பேசுகிற ஒரு தைவான்காரன். ரேடியோ எங்கே என்று தைவான்காரன் கேட்டான். நல்லையா எழுந்து நின்றார். அதிகாரியின் கண் சந்திரமதி பக்கம் திரும்பியது. அப்போதுதான் நல்லையாவுக்கு மலாய் வந்தது. துவான், ரேடியோ இல்லை. டீச்சர் என் பெண்டாட்டிக்கு நிப்பொங்கோ சொல்லிக்கொடுத்திருக்கிறார். நான் அதை இங்கிலீஷ் என்று நினைத்துவிட்டேன். எனக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாது. தெரியும் என்று ஊரில் பொய் சொல்லி வைத்திருக்கிறேன்.

தைவான்காரன் அதை மொழிபெயர்த்தான். அதிகாரி நம்பவில்லை. எப்படி இருந்தது, செய்து காட்டு என்றார். நல்லையா கண்ணை மூடி முனகினார். உம் உம் உம், ஏற்றம். அதிகாரியின் விரல் டீச்சர் பக்கம் போனது. சொல். சந்திரமதி சான்றிதழை மார்போடு பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார். கேள்விகளாகப் பார்த்துப் பொறுக்கினார். இது என்ன, அது என்ன, நீங்கள் யார். ஒவ்வொன்றும் "தெசு கா" என்று மேலே ஏறி நின்றது. பாக்கியலட்சுமி புது இலையில் ஆணியால் அதைத் தமிழ் எழுத்தில் கீறியது. ஆணியை ரொம்ப அழுத்தியதால் இலை இரண்டு இடத்தில் கிழிந்தது. அது என்ன எழுத்து என்று அதிகாரி குனிந்து பார்த்தார். முதலில் காது, எழுத்து அப்புறம்தான் என்று டீச்சர் சொல்ல, அதிகாரி பெரிய வாத்தியார் மாதிரி தலையாட்டினார். பாக்கியலட்சுமியின் உச்சரிப்பு ஒன்றைத் தானே திருத்தினார்.

அப்புறம் நேராக நல்லையாவிடம் போய் இரண்டு கன்னத்திலும் ஒவ்வொன்று கொடுத்தார். சக்கரவர்த்தியின் பாஷையை எதிரியின் பாஷை என்று சொன்னதற்கு. நல்லையா விழவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, குனிந்து வணங்கினார். இன்று முதல் இந்த முட்டாளும் இங்கே தினமும் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று தைவான்காரன் உத்தரவைச் சொன்னான். லாரி போய்விட்டது.

சத்தம் தெரு முனையைத் தாண்டியதும் சந்திரமதி மெல்ல உட்கார்ந்தார். நாளையிலிருந்து எதை நடத்துவது என்று பாக்கியலட்சுமியைக் கேட்டார். வாசலில் ஆள் இருந்தால் நிப்பொங்கோ, இல்லையென்றால் இங்கிலீஷ் என்றது அந்த அம்மா. பாட்டிலில் எல்லாம் இன்னும் இங்கிலீஷ்தானே எழுதியிருக்கிறது.

நல்லையா இரண்டு கன்னத்தையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு எழுந்தார். கையில் பட்டை அவிழ்ந்து தொங்கியது.

"நடத்துங்க. நான் வெளிய காவல் நிக்கிறேன். யாராச்சும் வந்தா இருமுறேன்."

"நீங்க வெளிய நின்னா திரும்பவும் நியூஸுன்னு போய்ச் சொல்லிருவீங்க," என்றது பாக்கியலட்சுமி. பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது. "உள்ள வந்து ஒக்காருங்க. ஆணியை இப்படி சாய்ச்சுப் புடிக்கணும்."